மேலுடம்பா, கீழுடம்பா?

தண்டர் பே ஊர்ப் பத்திரிகை டேமியன் கோவலுக்கு 'இரும்பு நெஞ்சன்' என்று பட்டம் கொடுத்து நாலு வருடம் ஆகிறது. வயது முப்பத்துநாலு. ஐஸ் ஹாக்கியில் பதின்மூன்று வருடம். இடது இடுப்பு மூட்டில் எலும்போடு எலும்பு உரசுகிறது. காலையில் சாக்ஸ் மாட்ட மனைவியைக் கூப்பிடுகிறவன் சாயங்காலம் இருபத்தைந்து நிமிடம் ஐஸில் சீறிப் பாய்கிறான் என்றால் அதற்குப் பெயர் நெஞ்சுரம் இல்லாமல் வேறென்ன என்று பத்திரிகை கேட்டது. கேள்வி நியாயமானதுதான், பதில்தான் வேறு. ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் பிட்டத்தில் ஏறும் வலியூசிதான் அந்த நெஞ்சுரம். ஆனால் 'இரும்புப் பிட்டன்' என்று தலைப்புப் போட்டால் எந்த வீட்டில் பத்திரிகையைச் சாப்பாட்டு மேஜைமேல் வைப்பார்கள்?

கோவல் ஆடும் டக்போட்ஸ் அணியில் ஊசிக்கென்று ஒரு வரிசை உண்டு. பயிற்சி அறை வாசலில், அதிக ஆட்டம் ஆடியவன் முன்னால், குறைவாக ஆடியவன் பின்னால். நான்கு வருடமாக முதல் ஆள் கோவல். உள்ளே நோரா ஹக்காலா, அணியின் மருத்துவ உதவியாளர், கையில் உறை மாட்டிக்கொண்டு நிற்பாள். அவள் கையெழுத்துக்கு மேல் கையெழுத்துப் போடுபவர் டாக்டர் பெண்டில்டன். டாக்டர் தோல் வியாதி நிபுணர். முகப்பரு, படை, தேமல் விஷயத்தில் மகா கெட்டிக்காரர். இருபது வருடமாக ஒரே இருக்கையில் உட்கார்ந்து எல்லா ஆட்டத்தையும் பார்த்தவர் என்பதால் அணியின் டாக்டர் ஆனார். அந்த ஊசி மருந்தை ஐந்து நாளுக்கு மேல் போடக்கூடாது என்று டப்பாவிலேயே அச்சடித்திருக்கிறது. எழுத்து கொஞ்சம் பொடி. ஹாக்கிக்காரர்களோ பெரிய எழுத்துக்கே மூச்சு வாங்குகிறவர்கள்.

இறுதித் தொடர் தொடங்கிய பிறகு வரிசை இன்னும் நீண்டது. கோப்பை ஆட்டம் என்றால் ஹாக்கிக்காரன் தாடியை எடுக்க மாட்டான், ஜெயித்த அன்று போட்ட உள்ளாடையைத் துவைக்க மாட்டான், ஜெயித்த அன்று எதை எந்த வரிசையில் செய்தானோ அதை மாற்றவே மாட்டான். டுலூத் ஹாமர்ஸ் அணிக்கு எதிரான இரண்டாவது ஆட்டத்தன்று ஷெல்டன் க்ரோ என்கிற முன்வரிசை ஆட்டக்காரன், காபிக்கு நிற்கும் கூட்டம் என்று நினைத்துத் தெரியாமல் அந்த வரிசையில் போய் நின்றுவிட்டான். முறை வந்தது. கால்சட்டையை இறக்கு என்றார்கள். கேள்வி கேட்டால் கேலி செய்வார்களே என்று இறக்கினான். அன்று இரண்டு கோல் அடித்தான். அதற்கப்புறம் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கோவலுக்குப் பின்னால் ஏழாவது ஆளாக க்ரோ. உடம்பில் ஒரு வலியும் கிடையாது. கேட்டால், "வரிசை ஜெயிக்குது, நான் யாருடா மாத்தறதுக்கு?" என்பான். அவனைப் பார்த்து இன்னும் நாலு பேர் சேர்ந்தார்கள். ஆறு ஆட்டம் முடிந்தபோது தொடர் மூன்றுக்கு மூன்று. வரிசையில் பதினாலு பேர்.

கோப்பை யாருக்கு என்று முடிவாகும் ஏழாவது ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு. கோவல் இதுவரை ஒரு கோப்பையையும் தொட்டதில்லை. இனித் தொடப்போகும் வயதும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை கழிப்பறையில் நின்றவன் கீழே பார்த்துவிட்டு, "மார்லீன், இங்க வாயேன்" என்றான்.

மார்லீன் வட்டார மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். வந்து எட்டிப் பார்த்தாள்.

"எத்தன நாளா இப்படி?"

"எப்படி?"

"டீ டிகாஷன் மாதிரி."

"நேத்து கொஞ்சம் லைட்டா இருந்துச்சு. ஆட்டத்துல கிட்னிக்கிட்ட ஒரு இடி வாங்கினேன், அதுவா இருக்கும்."

"இடி வாங்கினியா, ஊசி வாங்கினியா?"

"ரெண்டும்தான்."

"நடுவுல அந்தக் கண்ணாடி ஜாடி மாத்திரை?"

கோவல் அவசரமாகத் தண்ணீரை இழுத்துவிட்டான். பயிற்சி அறையில் வலி மாத்திரை ஒரு பெரிய கண்ணாடி ஜாடியில் இருக்கும். போகிறவன் வருகிறவன் எல்லாம் கல்யாண வீட்டு மிட்டாய் மாதிரி ஒரு கை அள்ளிக்கொள்வான்.

மார்லீன் சண்டை போடவில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. காரில் ஏற்றிக்கொண்டு போய் அவளே ஊசி குத்தி ரத்தம் எடுத்தாள். சிறுநீரகம் ஒழுங்காக இருந்தால் நூறுக்குள் இருக்க வேண்டிய எண் இருநூற்று முப்பத்தொன்று. மாலையில் சிறுநீரக டாக்டரம்மா ஒருவர், ஹாக்கி பார்க்காதவர், எனவே அந்த ஊரில் புத்தி தெளிவாக இருந்த சில பேரில் ஒருவர், அவனை எதிரே உட்கார வைத்தார்.

"இப்ப நிறுத்தினா திரும்பி வந்துரும். இன்னும் ஒண்ணு ரெண்டு போட்டா வருமான்னு என்னால சொல்ல முடியாது. வரலன்னா வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ் மெஷின்ல படுக்கணும். உங்களுக்கு முப்பத்திநாலு வயசு."

"ஞாயித்துக்கிழமை ஒண்ணே ஒண்ணு. அப்புறம் வாழ்நாள்ல தொட மாட்டேன்."

"மிஸ்டர் கோவல், குடிக்கிறவங்களும் இதே நாற்காலியில உக்காந்து இதையேதான் சொல்றாங்க."

சனிக்கிழமை முழுக்க ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை. அன்றைக்குத்தான் தன் இடுப்பு உண்மையில் எப்படி இருக்கிறது என்று கோவலுக்குத் தெரிந்தது. நான்கு வருடமாக அது கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது, இவன்தான் காதில் பஞ்சு வைத்திருந்தான். ஸ்கேட் கயிற்றைக் கட்டக் குனிந்தான். பாதி தூரம் போனதும் கண்ணில் நீர் வந்தது. ஊசி இல்லாமல் ஆட முடியாது என்பது அங்கேயே முடிவாகிவிட்டது. ஊசி போட்டுக்கொண்டு கோப்பையைத் தொடுவதா, போடாமல் சிறுநீரகத்தைக் காப்பாற்றுவதா என்பதுதான் பாக்கி. இரவெல்லாம் புரண்டான். காலையில் எழுந்தபோது முடிவு பக்கத்தில் படுத்திருந்தது மாதிரி தெளிவாக இருந்தது.

ஞாயிறு பன்னிரண்டரை மணிக்குப் பயிற்சி அறைக்குப் போய், "நோரா, எனக்கு இன்னைக்கு வேண்டாம்" என்றான். பரிசோதனைத் தாளை நீட்டினான்.

நோரா படித்தாள். உட்கார்ந்தாள். மறுபடி படித்தாள்.

"கடவுளே. நான்தானேடா போட்டேன்."

"நான்தானே இறக்கினேன்."

செய்தி மேலே போயிற்று. ஐந்தே நிமிடத்தில் பொது மேலாளர் பிரெஸ்டன் லாட்டிமர் இறங்கி வந்தார். பின்னாலேயே டாக்டர் பெண்டில்டன். லாட்டிமர் 'தியாகம்' என்ற சொல்லை வாரத்துக்கு நாற்பது தடவை சொல்பவர். தன் வாழ்நாளில் தியாகம் செய்தது ஒரே ஒரு தடவை, மருத்துவர் சொல்லிப் பன்றிக் கறியை விட்டார், அதுவும் பத்து நாள்.

"கோவ்சி, மகனே," என்று தோளில் கை போட்டார். "இந்த ஊரே உன்னப் பாக்குது. ஆயிரம் குழந்தைங்க உன் நம்பர் போட்ட சட்ட போட்டிருக்கு. வலிங்கறது உடம்பு சொல்ற பொய்."

"வலி பொய் சொல்லல சார். நாமதான் நாலு வருஷமா அதோட வாய மூடி வச்சோம்."

லாட்டிமர் டாக்டர் பக்கம் திரும்பினார். டாக்டர் தாளை வாங்கி, தோல் வியாதியாக இருந்தால் நன்றாக இருக்குமே என்ற முகத்தோடு பார்த்தார்.

"எண்ணு கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கு."

"ஆடலாமா, கூடாதா?"

"அது... ஒரு பார்வையில பாத்தா..."

"சரி விடுங்க. ஆடல. முதல்ல அறிவிப்பத் தயார் பண்ணுவோம்."

லீக் கொடுக்கும் படிவத்தில் இரண்டே கட்டம்: மேலுடம்புக் காயம், கீழுடம்புக் காயம். எதிரி அணிக்கு எதுவும் தெரிந்துவிடக் கூடாது என்று உண்டான வழக்கம் அது. தலை பிளந்தாலும் மேலுடம்பு, கட்டைவிரல் ஒடிந்தாலும் மேலுடம்பு. ஒரு தடவை ஒருவனுக்குக் காதல் தோல்வி. அதையும் மேலுடம்பு என்றே அறிவித்தார்கள்.

லாட்டிமர் பேனாவைத் திறந்துவிட்டு நின்றார்.

"கிட்னிங்கறது மேலுடம்பா, கீழுடம்பா?"

டாக்டர் தன் முதுகைத் தடவிப் பார்த்தார். "பின்னாடியிருந்து பாத்தா மேல. முன்னாடியிருந்து பாத்தா..."

"எனக்கு முன்னாடி பின்னாடி வேண்டாம் டாக்டர். கட்டம் ரெண்டுதான்."

"பெல்ட்டுக்கு மேலன்னா மேலுடம்புன்னு வச்சுக்கலாம்."

"பெல்ட்ட எங்க கட்டறோங்கறதப் பொறுத்தது அது," என்றாள் நோரா. லாட்டிமரின் பெல்ட் வயிற்றுக்கு அடியில் எங்கோ தலைமறைவாக இருந்தது. "உங்க கணக்குல பாத்தா தொடை வரைக்கும் மேலுடம்புதான்."

லாட்டிமர் அவளை முறைத்துவிட்டுக் கோவலிடம் வந்தார். இப்போது குரல் தாழ்ந்திருந்தது.

"சரிப்பா, ஆட வேண்டாம். ஆனா வரிசையில மட்டும் நின்னுடு. பசங்க மூட நம்பிக்க உனக்குத் தெரியும். முதல் ஆள் இல்லன்னா அத்தன பேரும் கலங்கிடுவானுங்க. நோரா உனக்கு உப்புத்தண்ணி போடட்டும். அதுகூட வேண்டாம், வெறும் பஞ்ச தடவட்டும். யாருக்குத் தெரியப்போகுது?"

கோவல் கொஞ்சம் யோசித்தான். வரிசையில் நின்றால் சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகாது. தன் விஷயம் முடிந்தது. ஆனால் ஏழாவதாக க்ரோ நிற்பான், ஒரு வலியும் இல்லாமல், முன்னால் கோவல் இருக்கிறான் என்ற ஒரே காரணத்துக்காக.

"முடியாது சார்."

"ஏன்டா?"

"நான் நின்னா அவனுங்க நிப்பானுங்க."

வெளியே வரிசை சேர்ந்துவிட்டது. முதல் இடம் காலி. அந்தக் காலி இடத்தைப் பதின்மூன்று தாடிக்காரர்கள் சவப்பெட்டியைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோவல் நொண்டிக்கொண்டே வந்து வரிசையில் சேராமல், எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றான்.

"என்னடா அங்க நிக்கற? முன்னாடி வா!" என்றான் க்ரோ.

"வரல. கிட்னி போயிட்டிருக்கு. இந்த ஊசியாலதான். இந்தா, தாளு." எண்ணைப் படித்தான். என்ன எண் இருக்க வேண்டும் என்பதையும் சொன்னான். டாக்டரம்மா சொன்னதையும் சொன்னான், மெஷின் உட்பட. "உங்கள்ல யாரு கடைசியா ரத்தம் கொடுத்துப் பாத்தீங்க?"

யாரும் இல்லை. மூக்கிலிருந்து கொடுத்ததுதான்.

"அதுக்காக இன்னைக்கா சொல்லுவ?" என்று ஒருவன் கத்தினான். "ஏழாவது ஆட்டம்டா! நாளைக்குச் சொல்லக் கூடாதா?"

"நாளைக்குச் சொன்னா இன்னைக்குப் போட்டுப்ப இல்ல?"

"வரிசை உடைஞ்சா தோப்போம் கோவ்சி. உனக்கே தெரியும்." க்ரோவின் குரல் அழுகிற மாதிரி இருந்தது. "இதுல நின்னதாலதான் ஜெயிச்சோம்."

"மூணு ஆட்டம் தோத்தோமே, அப்பவும் இதுலதான் நின்னோம்."

இது எல்லோருக்கும் தெரிந்த கணக்குதான். ஆனால் அதுவரை ஒருவனும் போட்டுப் பார்த்ததில்லை. இருந்தாலும் வரிசை கலையவில்லை. கணக்குக்குப் பயந்து கலைகிற நம்பிக்கை எது?

அப்போது வரிசையின் இரண்டாவது இடத்திலிருந்து, "நான் போட்டுக்கவே இல்ல" என்று ஒரு குரல் வந்தது.

எல்லோரும் திடுக்கிட்டார்கள். விஷயத்துக்காக அல்ல, குரலுக்காக. பேசியவன் எமில் லகாஸ், கோல்கீப்பர். ஆட்ட நாளில் எமில் வாய் திறப்பதில்லை. பெண்டாட்டி பிரசவ வலி என்று போன் செய்தபோதுகூட அட்டையில் 'சரி' என்று எழுதிக் காட்டியவன். அவன் பேசிவிட்டான் என்றால் இனி உடைய வேறு சகுனம் ஒன்றும் மிச்சமில்லை.

"ரெண்டு வருஷம் முன்னாடி எனக்கு வயித்துல ரத்தம் கசிஞ்சுது. இந்த ஊசியே ஆகாதுன்னாங்க. வரிசைய விட்டு வந்தா நீங்க கொன்னுடுவீங்கன்னு நோராகிட்ட கெஞ்சினேன். வெறும் பஞ்ச தடவி அனுப்புவா. ரெண்டு வருஷமா பஞ்சுதான்."

"அப்ப இந்தத் தொடர்ல நீ தடுத்த இருநூறு ஷாட்டும்?" என்றான் க்ரோ.

"பஞ்சுல."

எல்லோரும் நோராவைப் பார்த்தார்கள். நோரா ஆமாம் என்று தலையசைத்தாள். "போடச் சொன்னாங்க, உங்களுக்குப் போட்டேன். அதுல எனக்குப் பெருமை இல்ல. இவனுக்குப் போடாததுதான் நான் இங்க உருப்படியா பண்ண ஒரே வேலை." உறைகளைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டாள். "கட மூடியாச்சு. போங்கடா."

க்ரோ தன் கால்சட்டையைப் பார்த்தான். இடுப்புக்கு மேலேயே இருந்தது. "அப்ப நான் அஞ்சு ஆட்டமா சும்மாவே பின்னாடி குத்து வாங்கியிருக்கேன்" என்றான் மெதுவாக.

முதலில் எமில் சிரித்தான். ஆட்ட நாளில் சிரிப்பு, அதுவும் கோல்கீப்பர். அப்புறம் மொத்த நடைக்கூடமும் சிரித்தது. வரிசை எப்போது கலைந்தது என்று யாரும் கவனிக்கவில்லை.

கோச் வந்தபோது ஒவ்வொருவனாக உண்மையைச் சொல்ல ஆரம்பித்திருந்தான். பலருக்குத் தாங்கக்கூடிய வலி. மூன்று பேருக்கு ஊசி இல்லாமல் கையைத் தூக்கவோ காலை மடக்கவோ முடியவில்லை. கோச் நரகத்தின் அத்தனை தளங்களையும் பெயர் சொல்லித் திட்டிவிட்டு, கடைசியில் நாற்காலியில் விழுந்து, "சரி, முழுசா இருக்கறவன் யாரு, கையத் தூக்கு" என்றார். கோவலையும் சேர்த்து நாலு இடத்துக்கு, இரண்டு மாதமாக மேல் மாடத்தில் பாப்கார்ன் தின்றுகொண்டிருந்த மாற்று ஆட்டக்காரர்கள் சட்டை மாட்டினார்கள். மகிழ்ச்சியில் ஒருவன் சட்டையைப் பின்பக்கம் முன்னால் மாட்டிக்கொண்டான்.

படிவம் இன்னும் மேஜையில் கிடந்தது. லாட்டிமர் கட்டத்தை நிரப்பாமல் நழுவிவிட்டார். கோவல் பேனாவை எடுத்து, இரண்டு கட்டத்தையும் விட்டுவிட்டு, ஓரத்தில் எழுதினான்.

அரங்கில் ஐயாயிரம் பேர். அறிவிப்பாளர் கெமிலா 'கீழுடம்புக் காயம்' என்பதைக் கோவில் மணி மாதிரி இழுத்துச் சொல்லிப் பழகியவள். அன்று தாளைப் பார்த்து ஒரு நொடி தயங்கினாள்.

"இன்று ஆடாதவர், நம்பர் நாலு, டேமியன் கோவல். சிறுநீரகம். காரணம்... வலியூசி."

 இளஞ்சிவப்பு ஐசிங் தடவிய பன்னைக் கடித்துக்கொண்டிருந்தவர்கள் கடித்தபடியே நின்றார்கள். மாடத்தில் கோட்டுப் போட்டு நின்ற கோவலுக்குக் காது சுட்டது. ஓடிவிடலாமா என்று தோன்றியது. அப்போது கீழே எங்கிருந்தோ ஒரு பெண், தொழிற்சாலைச் சங்கு மாதிரி, "பொழச்சிருடா கோவ்சி!" என்று கத்தினாள். அதற்கப்புறம் எழுந்த சத்தத்தை 'இரும்பு நெஞ்சன்' பதின்மூன்று வருடத்தில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

ஆட்டத்தை வர்ணிக்க ஆட்களுண்டு, சம்பளத்துக்கு. இவ்வளவு போதும்: டுலூத்காரர்கள் முதல் பாகத்தில் இரண்டு கோல் போட்டார்கள். மூன்றாம் பாகத்தில் பாப்கார்ன் ஆட்டக்காரர்களில் ஒருவன் ஒன்று, கேப்டன் ஒன்று. எமில் ஒவ்வொரு தடுப்புக்கும் வாய்விட்டு ஏதோ சொல்லிக்கொண்டே ஆடினான், பல வருடப் பேச்சு பாக்கி இருந்தது போல. கூடுதல் நேரத்தின் ஒன்பதாவது நிமிடத்தில் ஷெல்டன் க்ரோ வலது ஓரமாகக் கிளம்பி, இரண்டு பேரைத் தாண்டி, கீப்பரின் தோளுக்கு மேலாகத் தூக்கிப் போட்டான். மூன்றுக்கு இரண்டு. பிறகு பேட்டியில் அவன் சொன்னது: "பின்பக்கம் வலிக்காம ஆடினது இதான் முதல் தடவ."

கோவல் மாடத்துப் படிகளில் ஒவ்வொன்றாக இறங்கினான். இடுப்பு ஒவ்வொரு படிக்கும் ஒரு கெட்ட வார்த்தை சொன்னது. தோல் ஷூவோடு ஐஸில் கால் வைத்தபோது இரு அணிகளும் கைகுலுக்க எதிரெதிராக நகர்ந்துகொண்டிருந்தன. எவ்வளவு வெறியோடு அடித்துக்கொண்டாலும் தொடர் முடிந்ததும் ஒருவர் விடாமல் கை கொடுக்க வேண்டும். கோவலும் கடைசியில் சேர்ந்துகொண்டான்.

டுலூத் கேப்டன் ரைடர் ஹோல்ம் வந்தான். மூன்றாவது ஆட்டத்தில் கோவலின் பல்லைப் பெயர்த்தவன். கையைப் பிடித்தான், விடவில்லை.

"அது நிஜமா? அந்த அறிவிப்பு?"

"நிஜம்."

"ஒண்ணுக்கு டிகாஷன் கலரா?"

கோவல் அவன் முகத்தைப் பார்த்தான். முன் வரிசைப் பல் இல்லாத, தாடி நரைத்த, பயந்த முகம்.

"எத்தன நாளா?" என்றான்.

"மூணாவது ஆட்டத்துலருந்து." ஹோல்ம் குரலைத் தாழ்த்தினான். "எங்க டாக்டர்கிட்ட சொன்னேன். தண்ணி குடின்னார்."

"உங்க டாக்டர் என்ன நிபுணர்?"

"பல்லு."

பின்னால் ஹோல்மின் ஆட்கள் முட்டிக்கொண்டு நின்றார்கள். யாரும் 'நகரு' என்று சொல்லவில்லை. கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்குள் குடும்பங்களை ஐஸுக்குள் விட்டிருந்தார்கள். கோவல் கையை ஆட்டி மார்லீனைக் கூப்பிட்டான். வழுக்கி வழுக்கி வந்தவளிடம், "இவனுக்கு அந்த டெஸ்டுப் பேரச் சொல்லு" என்றான். மார்லீன் சொன்னாள். அப்புறம் ஹோல்மின் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "இன்னைக்கே போ. பஸ்ஸ நிறுத்து. நான் போன் பண்ணிச் சொல்றேன்" என்றாள். தோற்ற அணியின் கேப்டன், ஏழடிக்கு ஒரு விரல் குறைவு, "சரிங்க மேடம்" என்றான். அடுத்தவன் நகர்ந்து வந்து, "எனக்கும் ஒரு சந்தேகம்..." என்று இழுத்தான்.

நடு ஐஸில் லாட்டிமர் கோப்பையைக் கட்டிப் பிடித்தபடி போட்டோக்காரரை நிறுத்தி வைத்துக்கொண்டு, "தியாகத்தின் வெற்றி" என்று யாருக்கோ பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். டக்போட்ஸ் கேப்டன் அவர் கையிலிருந்து கோப்பையை உருவிக்கொண்டு நேராகக் கோவலிடம் வந்தான். கோப்பையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும், அதுதான் முறை. கோவல் தூக்கிப் பார்த்தான். மார்பு வரைதான் வந்தது. அதற்கு மேல் இடுப்பு விடவில்லை. சரி, போதும் என்று அப்படியே ஐஸில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டான். ஐயாயிரம் பேரும் எழுந்து நின்றார்கள்.

எவனோ பீர் பாட்டிலைக் கொண்டுவந்தான். மார்லீன் அதைத் தட்டிவிட்டு, தன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கோப்பையில் முழுசாகக் கவிழ்த்தாள்.

"ஒரே மடக்குல குடி."

கோவல் இரண்டு கைகளாலும் கோப்பையைத் தூக்கி, தாடியெல்லாம் வழிய வழிய, கோப்பையில் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தான்.